25,000 ரூபாய், இரண்டு பெட்டி: முதல் ஸ்டீரியோவுக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு

அக்கா மகனுக்கு வேலை கிடைத்து எட்டு மாதம் ஆகிறது. சென்னை மேற்கு மாம்பலத்தில் வாடகை வீடு. ஹால் 12 அடி நீளம், 10 அடி அகலம். தரையில் டைல்ஸ், மூலையில் இரும்பு பீரோ, மேலே ஒரு ஃபேன். வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாகப் பாட்டுக் கேட்க ஒரு செட் வாங்க வேண்டும் என்று 25,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். என்னிடம் அவன் கேட்ட முதல் கேள்வி: "மாமா, எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?"

அதற்குப் பதில் தேட ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். இரண்டு வாரம் கழித்து நோட்டு நிரம்பியபோது தெளிவாகத் தெரிந்தது இதுதான்: வாட்ஸ் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். முதலில் அளக்க வேண்டியது அறையையும் நாம் உட்காரும் இடத்தையும். அந்த நோட்டை இங்கே வரி வரியாக வைக்கிறேன். விலைகள் நாங்கள் கொடுத்தவை, அவை ஊருக்கு ஊர் மாறும். அளவுகளை எந்த வீட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

அட்டையில் 8,000, முதுகில் 36

முதல் சனிக்கிழமை, மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனோம். ஒரு கடை வாசலில் ஆளுயரத்துக்கு அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அதில் ஒன்றின் மேல் கொட்டை எழுத்தில் "8,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று இருந்தது. விலை 6,500 ரூபாய். மருமகனின் கண் அதைவிட்டு நகரவில்லை.

கடைப் பையனிடம் சொல்லி, அதனுடன் வரும் அடாப்டரை வெளியே எடுக்கச் சொன்னேன். அதன் முதுகில் பொடி எழுத்தில் இருந்தது: 12 வோல்ட், 3 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 36 வாட். தொட்டியில் 36 குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு 8,000 குடம் மொள்ள முடியாது. உள்ளே போகும் 36 வாட்டிலும் ஒரு பங்கு சூடாகிப் போய்விடும். மிஞ்சுவது 30 என்று தாராளமாக வைத்தாலும், இரண்டு பெட்டிக்குப் பிரித்தால் பெட்டிக்கு 15 வாட்தான்.

பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை கிடையாது. எழுதுகிறவர் எழுதியதுதான் எண். தொடர்ந்து எவ்வளவு கொடுக்க முடியும் என்பதைச் சொல்வது ஆர்.எம்.எஸ். வாட். அட்டையில் ஆர்.எம்.எஸ். இல்லாவிட்டால் அடாப்டரையோ பெட்டியின் பின்பக்கத் தகட்டையோ பாருங்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வரும் எண்ணுக்கு மேல் எந்தப் பெட்டியாலும் தொடர்ந்து கொடுக்க முடியாது.

"அப்ப 15 வாட்டுன்னா ரொம்பக் கம்மி இல்லையா மாமா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. நோட்டின் அடுத்த பக்கம் அதற்குத்தான்.

ஒரு வாட் என்ன செய்யும்

ஸ்பீக்கர் தாளில் சென்சிடிவிட்டி என்று ஒரு எண் இருக்கும். 8 ஓம் பெட்டிக்கு 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் என்பதுதான் அது. வீட்டு அலமாரி அளவுப் பெட்டிகளில் 86 டெசிபல் சாதாரணமாகக் கிடைக்கும்.

நாம் உட்காருவது 2 மீட்டர் தள்ளி. தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும், ஆக 80. பெட்டிகள் இரண்டு என்பதால் 3 கூடும், ஆக 83. சுவர்கள் திருப்பி அனுப்பும் ஒலியை இதில் சேர்க்கவில்லை. அங்கிருந்து வாட்டை ஏற்றிக்கொண்டே போனால் கிடைப்பது இது:

பெட்டிக்கு 1 வாட் – 83 டெசிபல்
2 வாட் – 86
5 வாட் – 90
10 வாட் – 93
20 வாட் – 96
50 வாட் – 100
100 வாட் – 103

எதிரில் உட்கார்ந்து பேசுகிறவரின் குரல் 60 டெசிபல் அளவில் இருக்கும். நிதானமாகப் பாட்டுக் கேட்பது 70 டெசிபல் பக்கம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் முழங்கும்போதோ, திரைப்பாட்டில் தாளவாத்தியங்கள் மொத்தமாக இறங்கும்போதோ ஒலி ஒரு கணம் 20 டெசிபல் மேலே துள்ளும். 70-உம் 20-உம் 90. அதற்கு வேண்டியது 5 வாட். நான்கு மடங்கு மிச்சம் வைத்துக்கொண்டாலும் 20 வாட் போதும்.

50-லிருந்து 100-க்குத் தாவினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். காதுக்கு ஒலி இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். அதே 3 டெசிபலை 86-க்குப் பதில் 89 உள்ள பெட்டியை வாங்கி, வாட்டை ஏற்றாமலே பெறலாம். அதனால் கடையில் வாட்டைக் கேட்பதற்கு முன் சென்சிடிவிட்டியைக் கேளுங்கள்.

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரம் 75 டெசிபல் என்பது உலகச் சுகாதார நிறுவனம் தரும் வரம்பு. ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் கேட்கும் நேரம் பாதியாக வேண்டும். 1 வாட்டிலேயே அந்த வரம்பைத் தொட்டுவிடுகிறோம். வீட்டில் குழந்தை இருந்தால் இந்த வரியைச் சிவப்பு மையில் எழுதி வைக்க வேண்டும்.

பணத்தைப் பங்கிட்டது

25,000 ரூபாய்க்கு எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஐந்து சிறிய பெட்டியும் தாழ்ந்த ஒலிக்கென்றே ஒரு சப்வூஃபரும் உள்ள 5.1 ஹோம் தியேட்டர் ஒன்று. ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் இரட்டைப் பெட்டி இன்னொன்று. தனிப் பெட்டி, தனி ஆம்ப்ளிஃபயர் மூன்றாவது.

5.1-ஐ முதலில் அடித்தோம். ஆறு பெட்டி, ஒரு ஆம்ப்ளிஃபயர் என்று ஏழு பங்கு போட்டால் பங்குக்கு 3,571 ரூபாய்தான் விழும். பாட்டு பெரும்பாலும் இரண்டு தடத்தில்தான் பதிவாகி வருகிறது. அதற்கு ஆறு பெட்டி எதற்கு? படம் பார்ப்பது முக்கியம் என்றால் கணக்கு வேறு. இவனுக்குப் பாட்டுத்தான் முக்கியம்.

ஆம்ப்ளிஃபயர் உள்ளே இருக்கும் பெட்டி மோசமில்லை. 10,000 முதல் 15,000 ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும். இடம் குறைவு, வயர் குறைவு, குழப்பமும் குறைவு. ஹாஸ்டலிலோ ஒற்றை அறையிலோ இருப்பவர்களுக்கு இதையே சொல்வேன். உள்ளே இருக்கும் சர்க்யூட் பழுதானால் மொத்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்பது மட்டும்தான் குறை. பத்து வருடக் கணக்கு பார்த்ததால் நாங்கள் மூன்றாவது வழிக்குப் போனோம்.

ஸ்பீக்கர் ஜோடி, 5 அங்குல வூஃபர், 86 டெசிபல் – 13,500
ஆம்ப்ளிஃபயர், 8 ஓமில் பெட்டிக்கு 30 வாட் ஆர்.எம்.எஸ். – 5,800
இரும்பு ஸ்டாண்டு 2, வெல்டிங் பட்டறையில் செய்தது – 2,200
இரட்டை வயர், 1.5 சதுர மி.மீ. செம்பு, 8 மீட்டர், மீட்டர் 55 வீதம் – 440
போனிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு கேபிள் – 250
பெட்டிக்கு அடியில் வைக்க ரப்பர் துண்டு 8 – 120
ஜமக்காளம், 6 அடிக்கு 4 அடி – 900
சர்ஜ் பாதுகாப்புள்ள பிளக் போர்டு – 850
ஆட்டோ – 400
மொத்தம் – 24,460
கையில் மிச்சம் – 540

நூற்றுக்கு இவ்வளவு என்று பார்த்தால் ஸ்பீக்கருக்கு 55.2, ஆம்ப்ளிஃபயருக்கு 23.7, ஸ்டாண்டுக்கு 9, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 12.1. கையில் 15,000 இருந்தாலும் 40,000 இருந்தாலும் இதே விகிதத்தைத்தான் சொல்வேன். பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போக வேண்டும். காற்றை அசைப்பது அதுதான். ஒரு ஆம்ப்ளிஃபயருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். பெட்டிக்குப் பெட்டி உள்ள வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே தெரியும்.

ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் இரண்டும் சேர்ந்து 19,300. அதற்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி. 2,944 ரூபாய். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். பில் இல்லாவிட்டால் வாரண்டி இல்லை. அந்த 2,944-ஐ அதற்கான விலை என்று எழுதிக்கொண்டோம்.

ஏன் சப்வூஃபர் வாங்கவில்லை

அவன் கேட்பது பெரும்பாலும் கர்நாடக இசையும் பழைய திரைப்பாட்டும். 1 கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் ஆதார ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால் 65. ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண் குரலின் ஷட்ஜம் 208 பக்கம். நாங்கள் எடுத்த பெட்டி 58 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று அதன் தாள் சொல்கிறது. பாட்டு முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த அடிமட்டச் சுரங்களில் மட்டும் கனம் கொஞ்சம் குறையும்.

அறையும் குறுக்கே வருகிறது. 12 அடி நீளமுள்ள அறையில் 48 ஹெர்ட்ஸ் பக்கமும், 10 அடி அகலத்துக்கு 57 பக்கமும் ஒலி தானாகவே தேங்கி ஊதும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அந்த அலையின் பாதி சரியாக உட்கார்ந்துகொள்வதுதான் காரணம். இப்படிப்பட்ட அறையில் சப்வூஃபரைக் கொண்டு வைத்தால் எல்லாப் பாட்டும் ஒரே சுரத்தில் முட்டும். பீரோவின் கதவு வேறு கூடவே அதிரும்.

வயருக்கு எவ்வளவு

ஒரு கடையில் மீட்டர் 600 ரூபாய்க்கு ஸ்பீக்கர் வயர் காட்டினார்கள். 8 மீட்டருக்கு 4,800. ஹார்டுவேர் கடை வயர் 440. வித்தியாசம் 4,360. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும்?

1.5 சதுர மி.மீ. செம்புக்கு மீட்டருக்கு 0.0115 ஓம் தடை. ஒரு பெட்டிக்கு 4 மீட்டர் ஓடுகிறது. போக வர 8 மீட்டர், மொத்தம் 0.092 ஓம். 8 ஓம் பெட்டிக்கு முன்னால் அது 1.15 சதவீதம். இழப்பு 0.1 டெசிபல். காதில் பிடிபடாத அளவு. 4,360 ரூபாய் ஸ்பீக்கர் கணக்கிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனித்தோம். முனையைச் சீவி, உள்ளே இருப்பது செம்புதானா, செம்பு முலாம் பூசிய அலுமினியமா என்று பார்த்து வாங்கினோம். சீவிய இடத்தில் வெள்ளையாக மின்னினால் வேண்டாம்.

பாய்க்கு ஏற்ற உயரம்

கணக்கில் ஸ்டாண்டு வரிக்குத்தான் நாங்கள் அதிக நேரம் செலவிட்டோம். பெட்டியின் மேல்பகுதியில் இருக்கும் சின்ன ட்வீட்டரிலிருந்து வரும் ஒலி நேர்க்கோட்டில் போகும். அது காது மட்டத்தில் இருக்க வேண்டும். கடையில் கிடைத்த ஸ்டாண்டுகள் 24 அங்குலம். பெட்டிக்குள் ட்வீட்டர் 9 அங்குல உயரத்தில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 33. சோபாவில் உட்காருபவருக்குக் கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடும்.

இவனிடம் சோபா இல்லை. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் பாட்டுக் கேட்பான். தரையிலிருந்து அவன் காது வரை டேப்பைப் பிடித்து அளந்தேன். 29 அங்குலம். 29-இல் 9 போனால் 20. தெருமுனை வெல்டிங் பட்டறையில் 20 அங்குல உயரத்துக்கு இரண்டு ஸ்டாண்டு, கீழே கனமான தகடு வைத்துச் செய்து வாங்கினோம். ஒன்று 1,100 ரூபாய்.

இடத்தையும் சாக்பீஸால் தரையில் குறித்தோம். இரண்டு பெட்டிக்கும் நடுவே 6.5 அடி. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் பாய்க்கு அதே 6.5 அடி. பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி இடைவெளி. பக்கச் சுவர்கள் ஒன்றே முக்கால் அடியில் வந்து நின்றன. பாய்க்குப் பின்னால் நான்கு அடி காலி. முன்னால் டைல்ஸ் மேல் ஜமக்காளம். டைல்ஸில் மோதித் திரும்பும் கூர்மையான ஒலியை அது ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். தாழ்ந்த ஒலியை அது ஒன்றும் செய்யாது. அதற்குச் சுருட்டி வைத்த பஞ்சு மெத்தையை மூலையில் நிறுத்தினோம். அது வீட்டிலேயே இருந்தது.

ஃபேனையும் விடவில்லை. போனில் டெசிபல் காட்டும் செயலியை வைத்துப் பார்த்தேன். நிறுத்தினால் 36, மூன்றில் 44, ஐந்தில் 53. போன் நாலைந்து டெசிபல் தவறாகக் காட்டலாம், ஆனால் வித்தியாசம் வித்தியாசம்தான். 70-இல் கேட்கும் பாட்டுக்கும் ஐந்தில் சுழலும் ஃபேனுக்கும் இடைவெளி 17. மூன்றில் வைத்தால் 26. வீணையின் மீட்டு தேய்ந்து மறையும் கடைசி இழை அந்த 9 டெசிபலுக்குள்தான் இருக்கிறது.

மாதா மாதம் ஆவது

ஒரு நாளைக்கு 2 மணி நேரம் கேட்பதாக வைத்தோம். ஆம்ப்ளிஃபயர் பாடும்போது 15 வாட் இழுக்கிறது. இரண்டு மாத மின்கட்டணக் கணக்கில் 60 நாளுக்கு 1.8 யூனிட். அணைக்காமல் விட்டால் சும்மா இருக்கும்போதும் 6 வாட். மீதி 22 மணி நேரத்துக்கு 60 நாளில் 7.92 யூனிட். கேட்பதற்கு ஆவதைவிடக் கேட்காமல் இருப்பதற்கு நான்கு மடங்குக்கு மேல்! யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று பார்த்தால் 9 ரூபாய்க்குப் பாட்டு, 39 ரூபாய் 60 காசுக்கு மறதி. சுவிட்சை அணைத்தால் போதும்.

இணையத்திலிருந்து 320 கிலோபிட்டில் கேட்டால் மணிக்கு 144 எம்.பி. இரண்டு மணி நேரத்துக்கு 288. தினம் ஒன்றரை ஜி.பி. தரும் போன் திட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. சி.டி.யின் தரம் நொடிக்கு 1,411 கிலோபிட், மணிக்கு 635 எம்.பி. சுருக்காமல் அப்படியே வைத்தாலும் 64 ஜி.பி. கார்டில் 100 மணி நேரம் கொள்ளும்.

பத்து வருடம், தினம் 2 மணி என்றால் 7,300 மணி நேரம். 24,460-ஐ அதால் வகுத்தால் மணிக்கு 3 ரூபாய் 35 காசு. தெருமுனையில் ஒரு டீயின் விலைக்குக் கீழே.

பழையது வாங்குபவருக்கு

12,000-க்குள் முடிக்க வேண்டும் என்பவர்களுக்குப் பழைய பெட்டி நல்ல வழி. வூஃபரைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஃபோம் வளையமாக இருந்து மாவு போல உதிர்ந்தால் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். ரப்பர் வளையம் என்றால் ஆயுள் கூட. ஒரு 1.5 வோல்ட் பென்டார்ச் செல்லைப் பையில் எடுத்துப் போங்கள். செல்லின் பிளஸ் முனையைப் பெட்டியின் சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டால் கூம்பு வெளிப்பக்கம் தள்ள வேண்டும். இரண்டு பெட்டியிலும் ஒரே பக்கம் தள்ளினால் உள்ளே இணைப்பு சரி.

எல்.பி. ரெக்கார்டு ஆசையை அடுத்த வருடத்துக்குத் தள்ளினோம். ரெக்கார்டு ஊசியிலிருந்து வருவது 5 மில்லிவோல்ட் அளவு, சி.டி. பிளேயரிலிருந்து வருவது 2 வோல்ட், 400 மடங்கு. ஊசியிலிருந்து வருவதை ஏற்றித்தர தனியாக ஒரு ஃபோனோ ஆம்ப் வேண்டும். ஊசிக்கும் 500 முதல் 1,000 மணி நேரம் வரைதான் ஆயுள். முதல் செட்டுக்கு இந்தச் சுமை வேண்டாம்.

நடுவில் ஒரு குரல்

எல்லாவற்றையும் இணைத்த அன்று இரவு ஒரு சோதனை வைத்தோம். ஸ்டீரியோ முறைக்கு ஆலன் பிளம்லைன் என்ற பொறியாளர் 1931-லேயே காப்புரிமை கேட்டுவிட்டார். ஸ்டீரியோ எல்.பி. கடைக்கு வர 1958 ஆனது. 1944-இல் வந்த ஹரிதாஸ் படத்தில் தியாகராஜ பாகவதர் பாடிய பாட்டுகள் எல்லாம் ஒற்றைத் தடம், மோனோ. அதனால்தான் அவற்றை எடுத்தேன். இரண்டு பெட்டிக்கும் ஒரே ஒலி போகும்போது, அமைப்பு சரியாக இருந்தால் குரல் எந்தப் பெட்டியிலிருந்தும் வராது. நடுவில் ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து வரும்.

வரவில்லை. பாகவதரின் குரல் அறை முழுவதும் சிதறிக் கிடந்தது, கனமும் இல்லை. மருமகனின் முகம் விழுந்துவிட்டது. பெட்டிகளின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது பெட்டியில் சிவப்பு முனைக்குப் போக வேண்டிய வயர் கறுப்பில் இருந்தது. ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்து, தாழ்ந்த சுரங்களை ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. மாற்றிப் பூட்டினோம். செலவு 0.

ஊரிலிருந்து வந்திருந்த அக்கா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பாயில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இரண்டு பெட்டிக்கும் நடுவே இருந்த வெறும் சுவரைக் கைகாட்டினாள். "தம்பி, அங்க ஒரு பெட்டி வச்சிருக்கீங்களா?"

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பவை பணம் ஆகாத வரிகள் மட்டும்:

பெட்டிக்குப் பெட்டி 6.5 அடி, பெட்டிக்குப் பாய் 6.5 அடி – 0
காது உயரம் 29 அங்குலம் – 0
ஃபேன் மூன்றில் – 0
சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு – 0

அக்கா கைகாட்டிய இடத்தில் குரலைக் கொண்டுவந்து நிறுத்தியவை இந்த நான்கு வரிகள். 13,500 ரூபாய்ப் பெட்டி இவை இல்லாமல் அதைச் செய்திருக்காது. கடைக்குப் போகும் முன் ஒரு டேப்பை எடுத்து உங்கள் ஹாலையும், நீங்கள் உட்காரும் இடத்தில் உங்கள் காது உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை வாட்ஸ் என்று கடைக்காரர் கேட்டால், முதலில் அந்த எண்களைச் சொல்லுங்கள்.